நாற்பத்தோராவது கூடு

போன இலையுதிர் காலத்தில் நான் சுட்டது நாற்பது.
காபி டப்பாவில் கிடப்பது நாற்பத்தொன்று.
மூன்று முறை எண்ணிவிட்டேன்.
தபால்காரிக்கு எண்ணத் தெரியாது என்று
ஜூடித் ஆற்றுப் படுகையில் இதுவரை
ஒருவரும் சொன்னதில்லை.

பிப்ரவரி. கராஜுக்குள்ளேயே மூச்சு புகைகிறது.
மொன்டானாவில் இந்த மாதத்துக்கு வேறு வேலை கிடையாது.
மேசையில் முடுக்கிய வெட்டுக்கருவி,
கைப்பிடியைச் சுற்றினால்
பித்தளை சுருள் சுருளாக உதிர்கிறது,
மிகச் சிறிய ஒருத்திக்கு யாரோ
முடி வெட்டிவிட்டதுபோல.

ஒவ்வொரு சூட்டுக்கும் தோட்டாக்கூடு வளரும்.
நெருப்பு தள்ளத் தள்ளக் கழுத்து முன்னே நீளும்.
மயிரிழைதான்.
அந்த மயிரிழையைப் பொறுக்காது துப்பாக்கி:
கழுத்து இறுகும், குண்டு கிளம்பத் தயங்கும்,
தயங்கிய கோபத்தையெல்லாம்
உன் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துத் தீர்த்துக்கொள்ளும்.

ஆகவே இரண்டு அங்குலம்,
அதன்மேல் ஆயிரத்தில் நானூற்று எண்பத்து நான்கு.
பேரம் கிடையாது.
வெட்டு. உள்வாய் சீவு. வெளிவாய் சீவு.
விரல் நுனியால் உதட்டைத் தடவிப் பார்.
அடுத்தது.

நேற்று அச்சில் இறக்கும்போதே ஒன்று முரண்டியது.
எண்ணெய் போதவில்லை என்று நினைத்து
நெம்புகோலில் முழு உடம்பையும் போட்டேன்.
இன்று காலிப்பரில் வைக்கிறேன்:
மற்றவை ஆயிரத்தில் ஆறு கூடுதல்,
இது பதினெட்டு.
புரட்டினேன். அடித்தட்டில் வேறு கம்பெனி எழுத்து.
விளிம்பில் பிறை மாதிரி ஒரு கீறல்.

அந்தப் பிறையை எனக்குத் தெரியும்.
டெல்பர்ட் ஹோஃபரின் துப்பாக்கி
வெற்றுக்கூட்டைத் துப்பும்போது வைக்கும் கைநாட்டு.
ஒன்பது வருடம் அவனுக்கும் நான்தான் வெட்டிக் கொடுத்தேன்.
பிறகு வாய்க்கால் மதகு நடுவில் வந்தது.
என் வக்கீலின் பதிவுத் தபாலை
அவன் வாசலுக்குக் கொண்டுபோனவளும் நானே,
அது என் வேலை.
கையெழுத்து வாங்கினேன். பேனாவும் என்னுடையது.
மூன்று வருடமாகப்
பெட்டி திறக்கும் சத்தம், பெட்டி மூடும் சத்தம்,
எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

எங்கே பொறுக்கினேன் இதை?
கோழிக்கூட்டின் பின்புறம்.
அக்டோபரில், கயோட்டி செத்துக் கிடந்த காலை.
முந்தின நாள் அந்தி மங்கலில்
பின்படியில் நின்று நான் ஒன்று சுட்டிருந்தேன்.
என் குண்டு என்றுதான் ஊரெல்லாம் சொன்னேன்.
மளிகைக் கடையில் நூற்றைம்பது கஜம்.
நன்றிநாள் விருந்தில் இருநூறு.
கிறிஸ்துமஸில் இருநூற்று அறுபது.

அப்படியானால் அவன் அங்கே நின்றிருக்கிறான்,
என் சமையலறைச் சன்னலிலிருந்து நாற்பது அடியில்,
நிறைத்த துப்பாக்கியுடன், என் நிலத்தில்.
நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டு
எதையாவது முனகியிருப்பேன்.
அவனைத்தான் திட்டியிருப்பேன்.
கோழிகளுக்குத் தெரிந்திருக்கிறது,
ஒன்றும் கத்தவில்லை.
இதற்கு ஷெரிஃபைக் கூப்பிடுவதா
ஆப்பிள் பை செய்து எடுத்துப் போவதா
எனக்கு விளங்கவில்லை.

அதையும் வெட்டினேன்.
நெடுநேரம் பிடித்தது. உள்ளங்கை நிறையச் சுருள்.
அளவுக்கு வந்துவிட்டது, பிறை மட்டும் இருக்கிறது.

திங்கட்கிழமை அவன் பெட்டியில்
விதைக் கம்பெனிக் கேட்லாக், மின்கட்டணம்,
மேலே இது.
தபால்தலை ஒட்டாத எதையும் பெட்டியில் வைப்பது
விதிக்கு மாறு. ஊருக்கெல்லாம் நான் சொல்லும் விதி.
சீட்டு எதுவும் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை அவன் பெட்டியின்
சிவப்புக் கொடி நிமிர்ந்து நின்றது.
உள்ளே கடிதம் இல்லை.
ஒரு பழைய ஊறுகாய் ஜாடி,
தூக்கினால் தோள் இறங்கும் கனம்.
வண்டியை அணைக்காமலேயே எண்ணினேன்.
அறுபத்து மூன்று. ஒன்றுகூட வெட்டாதது.

ஜாடியிலும் தபால்தலை இல்லை.